யாரால் என்னும் மூன்றாம் பத்தி

1957 ஆகஸ்ட் 22, வியாழன், காலை 11.15: திரு. தமுராவும் நானும் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, இரண்டு மைல் அப்பாலிருந்த ஏலத்தோட்டத்தை அடைந்தோம். சாரல்.

ஆகஸ்ட் 23 முதல் 25 வரை: காய் பறிப்பு தொடங்கியது. மூன்று நாளும் நல்ல வெயில்.

ஆகஸ்ட் 26, திங்கள், காலை 10.00: பருவத்தின் முதல் சுற்றுக் காய் உலர்த்தும் ஸ்டோரில் ஏற்றப்பட்டது. தட்டுகள் பன்னிரண்டு. நிலை: பன்னிரண்டிலும் பச்சை, ஈரம். 10.30க்கு அடுப்பு மூட்டப்பட்டது.

ஆகஸ்ட் 27, செவ்வாய், மாலை 4.00: கதவு திறக்கப்பட்டது. பன்னிரண்டு தட்டிலும், தட்டுக்கு ஒரு கைப்பிடி அளவு, வெளுத்த காய். மற்றவை நல்ல பச்சை.

அதே நாள், மாலை 4.30: அடுப்புக்காரர் முத்துக்காளை வரும் சனிக்கிழமை வேலையை விட்டு மலையிறங்க வேண்டும் என்று மேனேஜர் வரதராசன் உத்தரவிட்டார்.

இந்தக் குறிப்பில் ஒரு வரி பார்க்காமல் எழுதப்பட்டது. எழுதியவன் நான். அந்த ஒரு வரியால் ஒரு மனிதர் பதினாறு ஆண்டுப் பிழைப்பையும் பெயரையும் இழக்கும் நிலை வந்தது.

மதுரையில் நான் முப்பத்தோராண்டு ஜப்பானிய மொழி கற்பித்தேன். அங்கே எனக்குப் பின் வந்த ஆசிரியர் இருவர், என் மனைவி காலமான முப்பதாம் நாளில் போடிக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். விசாரித்து முடிந்ததும் ஒருவர் பாடநூல் திருத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். நிலைமாற்றத்தைச் சொல்லும் பாடத்தில், ஒவ்வொரு மாணவரும் பத்து நாள் ஒரே பொருளைப் பார்த்து மூன்று பத்திக் குறிப்பேடு எழுத வேண்டும் என்று நான் விதித்திருந்தேன். கோடிட்ட இடங்களைக் கணினியில் நிரப்பச் செய்தால் இரண்டு மணி நேரத்தில் முடிகிறதே, பத்து நாள் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அன்று நான் விடை சொல்லவில்லை. இது அந்த விடை.

பாடம் எளியது. ஜப்பானியத்தில் ‘இ’ என்று முடியும் பெயரடையின் ஈற்றை நீக்கிவிட்டு, ‘கு’ சேர்த்து, ‘நரு’ என்று முடித்தால், அந்தப் பண்பு புதிதாக வந்து சேர்ந்தது என்று பொருள். ‘ஷிரோஇ’ என்றால் வெள்ளையான. ‘ஷிரோக்கு நரு’ என்றால் வெள்ளையாகும். பெயர்ச்சொல்லுக்கும் மற்றொரு வகைப் பெயரடைக்கும் ‘கு’வுக்குப் பதிலாக ‘நி’ வரும். ‘சென்செய் நி நரு’ என்றால் ஆசிரியராகும். ‘ஷிஸுக்க நி நரு’ என்றால் அமைதியாகும். ‘நரு’வை எடுத்துவிட்டு ‘ஸுரு’வை வைத்தால், தானே நிகழ்ந்த மாற்றத்துக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து நிற்பார். ‘ஷிரோக்கு ஸுரு’ என்றால் வெள்ளையாக்கும். ஆகு, ஆக்கு என்று பேசிப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஒரே வகுப்பில் புரிந்துவிடும். அவ்வளவு எளிதில் புரிந்துவிடுவதுதான் இடர் என்பதை நான் அந்த மலையில் கற்றேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். என் தந்தை போடிக்கு அருகிலுள்ள தேவாரம் என்ற ஊரிலிருந்து மலேயாவுக்குப் போய், ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். யுத்த காலத்தில் ஜப்பானியர் ஆட்சி வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அவர்கள் நடத்திய பள்ளியில் மூன்றரை ஆண்டு அந்த மொழியை அடி வாங்கிக் கற்றேன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தமிழ் எம்.ஏ. முடித்து, போடியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியரானேன். கற்ற ஜப்பானியத்துக்குப் போடியில் என்ன வேலை? பத்தாண்டுக் காலம் அது என் பெட்டியடியில் கிடந்த துணி போலக் கிடந்தது.

1957இல் தமுரா வந்தார். உலர்த்தும் இயந்திரங்களை வடிவமைப்பவர். காற்றாடி வைத்த ஒரு பெட்டியில் ஏலக்காயை உலர்த்த முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு முன், விறகு அடுப்பு இதை எப்படிச் செய்கிறது என்று அறிய விரும்பினார். அவருக்கு ஆங்கிலம் வராது. போடியில் ‘சப்பான் பாசை தெரிஞ்ச வாத்தியாரு’ ஒருவன் இருக்கிறான் என்று ஏலக்காய் வியாபாரி ஒருவர் சொல்லி, தோட்டத்தார் என்னைப் பள்ளியிலிருந்து விடுப்பில் அழைத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் வரதராசனுக்கு இயந்திரத்தைவிட வேறொரு கவலை பெரிதாக இருந்தது. மூன்று வருடமாகப் பருவத்தின் முதல் சுற்றுக் காய் அங்கங்கே வெளுத்து வந்தது. காய் பச்சையாகப் போனால்தான் மதிப்பு. போடியில் மூட்டையைப் பிரித்த வியாபாரிகள் அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். அடுப்புக்காரரின் கை போய்விட்டது என்பது அவர் முடிவு.

“இவர் நோட்டுல என்ன வருதோ அதுதான் தீர்ப்புன்னு சொல்லுங்க சார். நானா ஒருத்தர வெரட்டுனேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். தமுரா தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குச் சம்மதம் என்று பொருளல்ல, கேட்டுக்கொண்டேன் என்பதுதான் பொருள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, வரதராசனுக்குச் சொல்லவில்லை.

தமுராவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். சட்டையைத் தாமே துவைத்துக்கொள்வார். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டுவார். ‘நான் நினைக்கிறேன்’ என்று அவர் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்திகள். முன், பின், யாரால். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதினால் அடித்துவிடுவார். எதிலிருந்து எதுவாக ஆயிற்று என்று எழுத வேண்டும். தானே ஆயிற்றென்றால் மூன்றாம் பத்தியை வெறுமையாக விட வேண்டும். ஒரு கை அதைச் செய்திருந்தால் அந்தக் கைக்குரியவரின் பெயரை எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முன் பென்சிலைக் கத்தியால் சீவச் சொல்வார். முனை கூராகத்தான் இருக்கும். இருந்தாலும் சீவ வேண்டும். அந்த அரை நிமிடத்தில் கண் வேலை செய்யும் என்பது அவர் கணிப்பு. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. காயைக் கை தொடும்வரை தாளைப் பென்சில் தொடக்கூடாது.

ஸ்டோர் என்பது கற்சுவர் எழுப்பித் தகரம் வேய்ந்த ஒரு நீண்ட அறை. வெளிப்புறம் அடுப்பு. அதன் வெப்பம் உருண்டையான இரும்புக் குழாய்களின் வழியே அறைக்குள் ஓடி, மறுபக்கப் புகைக்கூண்டில் வெளியேறும். குழாய்களுக்கு மேலே கம்பிவலைத் தட்டுகள். முத்துக்காளை ராசிங்காபுரத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது. அடுப்பு மூட்டியதும் மேல் ஜன்னல் இரண்டையும் திறந்து வைப்பார். காயிலிருந்து கிளம்பும் ஆவி அதன் வழியே போகும். கண்ணாடியில் வேர்வை நிற்கும்வரை ஜன்னலை மூட மாட்டார். கண்ணாடி தெளிந்ததும் ஒன்றை மூடுவார். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து மனத்துக்குள் ஏதோ எண்ணுவார். பிறகு மற்றொன்றை மூடுவார். தமுராவின் வெப்பமானி அந்த நேரத்தில் நூற்றிருபது பாரன்ஹீட் பாகையைக் காட்டும். ஒருமுறைகூட இரண்டு பாகைக்கு மேல் தவறவில்லை.

இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆனாலும் அடுப்பு மூட்டிய முதல் நாளே நட்பாகிவிட்டார்கள். ஒரு தட்டை நிறுத்துப் பார்த்த தமுரா, எடை குறைந்துவிட்டது என்பதற்கு “கருக்கு நத்தா” என்றார்.

முத்துக்காளை விறகைக் கீழே போட்டார். “என்ன தம்பி, கருக்கச் சொல்றாரா?”

“இல்லண்ணே. லேசாயிருச்சுங்கறாரு.”

“ஏய்யா, லேசாயிருச்சுன்னா லேசாயிருச்சுன்னு சொல்லவேண்டியதுதான? ஆளு வகுத்தக் கலக்கிட்டாரு!”

அதன்பின் ஒவ்வொரு முறை எடை போடும்போதும் முத்துக்காளையே முந்திக்கொண்டு “கருக்குநத்தா?” என்று கேட்பார். தமுரா சிரிக்காமல், ஆமாம் என்ற பொருளில், “ஹாய்” என்பார். அந்த வாரம் முழுவதும் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இனி என் பிழை. திங்கட்கிழமை காலை பறிப்புப் பெண்கள் காயைக் கூடை கூடையாகக் கொட்டித் தட்டுகளில் பரப்பினார்கள். தமுரா வெளியே குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்ததால், தொடக்க வரிகளை என்னை எழுதச் சொன்னார். பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு வரி. முதல் தட்டின் ஓரத்தில் கை வைத்தேன். பச்சை, ஈரம். எழுதினேன். அடுத்த தட்டைப் பார்த்தேன். அதே குவியல், அதே நிறம். ‘மேற்படி’ என்று எழுதினேன். பதினொரு முறை ‘மேற்படி’. பென்சிலை ஒருமுறைகூடச் சீவவில்லை. பறிப்புப் பெண்களின் தலைவி வெள்ளையம்மா தட்டுக்குத் தட்டு மடியிலிருந்து எதையோ எடுத்ததைக் கண்டேன். வெற்றிலை என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் நான்கு மணிக்குக் கதவு திறந்தபோது, முதலில் உள்ளே போனவர் வரதராசன். தட்டைக் கையால் கிளறினார். பச்சைக்கு நடுவே வைக்கோல் நிறத்தில் காய்கள்.

“பாத்தீங்களா சார்? தட்டுக்குத் தட்டு! நான் சொன்னா மில்லுக்காரன் மாதிரிக் கத்துறேம்பாங்க. நோட்ட எடுங்க. ஆரம்பத்துல என்ன எழுதியிருக்கு?”

“பச்சை, ஈரம்” என்று படித்தேன்.

“இப்ப?”

“வெளுப்பு.”

“அப்ப நடுவுல வெளுக்க வச்சது யாரு? ஒம்ம அடுப்புதான முத்துக்காளை?”

முத்துக்காளை ஒரு வெளுத்த காயை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தமோ கோபமோ இல்லை. ஒரு முடிவு இருந்தது.

“என் அடுப்புதான். எழுதிக்கங்க தம்பி” என்றார்.

தமுரா எழுதவில்லை. அடுப்பு ஒன்றுதான்; அதன் குற்றம் என்றால் குழாய்க்கு அருகிலிருக்கும் தட்டு மிகுதியாகவும் எட்ட இருப்பது குறைவாகவும் வெளுத்திருக்க வேண்டும்; எல்லாத் தட்டிலும் ஒரே கைப்பிடி எப்படி வரும் என்று கேட்டார். வரதராசன் காதில் அது ஏறவில்லை. முன் பத்தியும் பின் பத்தியும் அவருக்குப் போதுமாக இருந்தன. சனிக்கிழமை இறங்கிவிட வேண்டும் என்றார். இறங்கினால், அந்த வயதில் வேறு ஸ்டோர் கிடையாது. காயை வெளுக்க வைத்த கை என்ற பேச்சு மெட்டு முழுவதும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

புதன்கிழமை காலை, தமுரா சட்டையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் போய்ச் சொன்னேன். பன்னிரண்டு தட்டில் ஒன்றைத்தான் தொட்டேன். அதிலும் ஓரத்தை மட்டும். மற்ற பதினொன்றையும் பார்க்காமல் எழுதினேன். அவை அறைக்குள் வந்தபோது எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது.

மலேயாவில் இத்தகைய ஒப்புதலுக்குக் கன்னத்தில் அறை விழும். எனக்கு முகம் தானாகவே இறுகியது. தமுரா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். குறிப்பேட்டை எடுத்தார். பென்சிலைச் சீவினார். புதிய வரி ஒன்றை எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். முன்: பதிவு உண்மையாக இருந்தது. பின்: பதிவு பொய்யாக ஆயிற்று. யாரால் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும் என்று பார்த்தேன். தமுரா என்று இருந்தது.

“உங்கள் வரிகளை நான் சரிபார்த்திருக்க வேண்டும்” என்றார். “இப்போது போய்க் கேளுங்கள். அவை வெளுத்தன என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளுத்ததைக் கண்டவர் யாரும் இல்லை. வெளுப்பாக இருந்ததைத்தான் கண்டோம்.”

என் வாழ்நாளில் எந்தப் பேராசிரியரிடமும் அதைவிடப் பெரிய பாடத்தை நான் கேட்டதில்லை.

வெள்ளையம்மா சரிவில், ஏலச்செடியின் அடியில் குத்தவைத்து, தரையோடு கிடந்த சரத்திலிருந்து காய் கிள்ளிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

“வாங்க வாத்தியாரே. வெறுங்காலோட வந்திருக்கீக. அட்டை ஏறி ரத்தம் குடிச்சிட்டுப் பெறகுதான் பேசவிடும்.”

“அக்கா, திங்கக்கெழம தட்டுல மடியிலருந்து என்னத்தையோ எடுத்துப் போட்டீகளே, அது என்ன?”

அவர் கை நின்றது. “பாத்துட்டீகளா? பாத்தா என்ன, களவா? அது மலையாத்தா காயி. மொதப் பறிப்புல மொதக் கூடை அவளுக்கு. கல்லு முன்னால சுளகுல பரப்பி மூணு நாளு வச்சிருப்போம். மொதச் சுத்துல தட்டுக்கு ஒரு கை போடுவோம். போட்டாத்தான் இந்தப் பொம்பளைக காட்டுக்குள்ள எறங்குவாளுக. பாம்பு கெடக்கு, ஆனை நிக்கு. நீங்க எறங்குவீகளா?”

“மாட்டேன்க்கா.”

“பெறகு?”

“மூணு நாளும் வெயில்லயா கெடக்கும்?”

“முன்ன வெயிலு எங்க பட்டுச்சு? கல்லுக்கு மேல பெரிய அத்தி நின்னுச்சு. மூணு வருசத்துக்கு முன்ன ஜீப்பு வாரதுக்குப் பாதைய அகலிச்சாகள்ல, அப்ப வெட்டிட்டாக. ஆத்தாளே வெயில்லதான் உக்காந்திருக்கா. அவ காயி மட்டும் நெழலுக்கு எங்கிட்டுப் போகும்?”

பறித்த ஏலக்காய் மீது வெயில் பட்டால் பச்சை போய்விடும் என்று முத்துக்காளைக்குத் தெரியாதா? விறகு பிளந்துகொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

“மூணு வருசமாத் தெரியும்” என்றார், கோடாரியை நிறுத்தாமல்.

“அப்ப ஏண்ணே நேத்துச் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? ஆத்தா காயி கெட்ட காயின்னா? சொன்னா மேனேஜரு கூடைய நிறுத்திருவாரு. கூடை நின்னா பொம்பளைக எறங்க மாட்டாளுக. எறங்குறவ பயந்து பயந்து எறங்குவா. பயந்தவ கால்ல பாம்பு கெடக்கறது தெரியாது தம்பி. நான் போனா அடுப்புக்கு வேற ஆளு வருவான். நாப்பது பொம்பளை பயத்துக்கு யாரு வருவா?”

“கூடை நிக்காம, ஒங்க பேரு கெடாம, ஒரு வழி இருந்தா?”

கோடாரி நின்றது. “இருந்தா வெரசாச் சொல்லுங்க. சனிக்கெழமைக்கு மூணு நாளுதான் கெடக்கு.”

மலையாத்தா காயில் ஒரு பகுதி அந்தக் கல்லுக்கு முன் இன்னும் மிச்சமிருந்தது. தமுரா அனைத்தையும் கேட்டுவிட்டு, இரண்டாம் சுற்றுக்கு ஓர் ஏற்பாடு செய்தார். அந்த மிச்சக் காய் ஒரே தட்டில் மட்டும் போக வேண்டும். அதைப் போடும் கை வெள்ளையம்மாவுடையதாகவே இருக்க வேண்டும். அவர் முதலில் யோசித்தார். பிறகு, “ஆத்தாளுக்கு ஒரு தட்டுன்னு ஒதுக்கிக் குடுக்கறது மரியாததான். இத்தன நாளு ஓரங்கட்டித்தான போட்டோம்” என்று சம்மதித்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தட்டுகள் ஏறின. இம்முறை நான் ஒவ்வொரு தட்டையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தொட்டேன். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலைச் சீவினேன். பன்னிரண்டு வரி எழுத ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசலில் கூட்டமாக நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“வாத்தியாரு ஒவ்வொரு காய்க்கும் பேரு வைக்காருடி!”

“நல்ல பேரா வைங்க சாமி. எம் புருசன் பேர வச்சிராதீக, அப்பறம் அந்தக் காயி உருப்படாது!”

ஐந்தாம் தட்டில் மலையாத்தா காய். அவற்றை மட்டும் எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. முன் பத்தியில் எழுதினேன்: நூற்று நாற்பத்து மூன்று காய் வெளிர் நிறம், பாதி உலர்ந்தவை, மற்றவை பச்சை, ஈரம். மற்றப் பதினொரு தட்டுகளில் வெளிறிய காய் ஒன்றுகூட இல்லை என்று, ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி வாக்கியமாக எழுதினேன். மேற்படி என்ற சொல்லை அன்று முதல் நான் எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

அடுப்பு எரிந்தது. முத்துக்காளை வழக்கம்போல் ஜன்னலைத் திறந்தார், கண்ணாடி தெளிந்ததும் ஒன்றை மூடினார், குழாயில் கை வைத்து எண்ணினார், மற்றதை மூடினார். எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. தன்னை நிரூபிக்க முயலும் மனிதரிடம் ஒரு அவசரம் தெரியும். அவரிடம் அது இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வரதராசன், தமுரா, நான், வாசலில் வெள்ளையம்மாவும் இன்னும் சிலரும். முத்துக்காளை உள்ளே வரவில்லை, அடுப்பருகே நின்றார்.

முதல் தட்டு: முழுவதும் பச்சை. தமுரா கிளறினார், நான் கிளறினேன், வரதராசன் இரண்டு முறை கிளறினார். இரண்டாம் தட்டு பச்சை. மூன்று, நான்கு. ஐந்தாம் தட்டில் வெளுப்பு தெரிந்ததும் வரதராசன் மூச்சை உள்ளே இழுத்தார். நான் அவற்றைப் பொறுக்கி, உரக்க எண்ணிக்கொண்டே தனித்தட்டில் வைத்தேன். நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. தட்டைத் துழாவினேன். குழாயின் பக்கமாக, வலையின் ஓரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்து மூன்று. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை பச்சை, பச்சை, பச்சை.

அறைக்குள் வந்தபோது வெளுப்பாக இருந்தது வெளுப்பாகவே இருந்தது. பச்சையாக வந்தது எதுவும் வெளுக்கவில்லை. அந்த அடுப்பு ஒரு காயைக்கூட வெளுக்க வைத்ததில்லை. மேனேஜர் வரதராசனிடம் இதைச் சொன்னேன். ஆசிரியனுக்கு அவ்வப்போது கிடைக்கும் வெற்றி மற்றவருடையது. அன்று ஒரு மணி நேரமேனும் அது எனக்கும் உரியதாக இருந்தது.

வரதராசன் வெளுத்த காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எங்கேருந்து வந்துச்சு?”

நான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. “அப்ப அந்தக் கூடைதான் காரணம். நிறுத்திட்டாப் போச்சு.”

தமுரா என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: “தெய்வத்தின் பெயரை மூன்றாம் பத்தியில் எழுத மாட்டேன். கூடையை எப்போதும் வைத்தார்கள். மூன்று வருடமாகத்தான் காய் வெளுக்கிறது. அந்த இடத்தில் முன் என்ன இருந்தது? பின் என்ன ஆயிற்று? யாரால்?”

வாசலிலிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது. “நெழலு இருந்துச்சு சாமி, வெயிலாச்சு. அத்திய வெட்டச் சொன்னது யாருன்னு நான் சொல்லணுமா, இல்ல ஜீப்புல வந்தவுக யாரும் சொல்றாகளா?”

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். தமுரா பென்சிலைச் சீவத் தொடங்கினார். அந்த அரை நிமிடம் அறை முழுவதும் சீவல் சத்தம்தான்.

வரதராசனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கத்துவார், அவசரப்படுவார். ஆனால் கோழை அல்லர். பென்சில் சீவி முடியும்வரை நின்றார். பிறகு, “வரதராசன்னு எழுதச் சொல்லுங்க சார்” என்றார். “முழுப்பேரா எழுதச் சொல்லுங்க.” வெளியே போய், அடுப்பருகே நின்றவரிடம், எல்லோர் காதிலும் விழும்படி, “முத்துக்காளை, நாளைக்கு மூணாவது சுத்து. விறகு போதுமா, லோடு சொல்லணுமா?” என்று கேட்டார். அதைவிடக் கண்ணியமாக ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை.

“ரெண்டு லோடு சொல்லுங்க” என்றார் முத்துக்காளை.

சனிக்கிழமை அவர் மலையிறங்கவில்லை. அன்று காலை நான்கு கம்பும் ஒரு கட்டு ஓலையும் மலையாத்தா கல்லுக்குப் போயின. வரதராசனே நின்று கூரை போடச் செய்தார். வெள்ளையம்மா, “இன்னும் ஒரு சாணு தாழ எறக்குங்க, சாயங்கால வெயிலு கீழாக்க வரும்” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு முதல் சுற்று பன்னிரண்டு தட்டிலும் பச்சையாக வந்தது என்று கடிதம் வந்தது. மலையாத்தா கூடை உட்பட.

வெள்ளிக்கிழமை பக்கத்தின் கடைசி வரியைத் தமுரா தம் கையால் எழுதினார். முன்: பச்சை. பின்: பச்சை. மாற்றம் இல்லாத இடத்தில் அவர் வரி எழுதி நான் கண்டது அது ஒருமுறைதான். மூன்றாம் பத்தியில் முத்துக்காளை என்று, என்னிடம் உச்சரிப்பைக் கேட்டுக்கேட்டு எழுதினார். பச்சையைப் பச்சையாகவே இருக்கச் செய்வதற்கும் ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கும் ஒரு வரி உண்டு என்றார். நான் ஓடிப்போய் முத்துக்காளையை அழைத்தேன். “நோட்டுல ஒங்க பேரு வந்திருக்குண்ணே, வாங்க, படிச்சுக் காட்டுறேன்.”

“வரும் வரும். அடுப்பு கெடக்கு தம்பி, பெறகு பாப்போம்” என்று சிரித்தபடி சாம்பலை வாரினார்.

அந்த வாரத்துக்குப் பின் நான் தமிழாசிரியனாக நீடிக்கவில்லை. தமுராவின் பரிந்துரையால் ஜப்பானியம் மேலும் கற்று, அதையே கற்பிக்கலானேன். நிலைமாற்றப் பாடத்தில் என் மாணவர்கள் முளைக்கும் பயறு, உடன் தங்கியவரின் காய்ச்சல், கட்டப்படும் சுவர் என்று எதையேனும் பத்து நாள் தொட்டுப் பார்த்து மூன்று பத்தியில் எழுதினார்கள். அந்தக் குறிப்பேடுகளை வீட்டில் என்னோடு சேர்ந்து புரட்டியவள் என் மனைவி. அவளுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. ஆயினும் பார்க்காமல் எழுதிய வரியை, கையெழுத்தின் வேகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். என்னைவிட முன்பாக.

கணினி அந்த வேகத்தைக் காணுமா என்று எனக்குத் தெரியாது. ‘நரு’, ‘ஸுரு’ இரண்டையும் பிழையின்றி நிரப்பும் மாணவர் ஒருவர், அன்று என் இடத்தில் இருந்திருந்தால், பிழையற்ற இலக்கணத்தில் முத்துக்காளையை மலையிறக்கியிருப்பார். நானும் பிழையற்ற இலக்கணத்தில்தான் எழுதினேன். இதுதான் என் விடை.

முடிக்காமல் நிற்கும் வேலைகள்:

ஒன்று. பத்து நாளை ஐந்து நாளாகவேனும் குறைக்கலாமா என்று ஆசிரியர்கள் மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று பதில் எழுத வேண்டும்.

இரண்டு. தமுராவின் கடைசிக் கடிதத்துக்கு எழுதத் தொடங்கிய பதில் பாதியில் நிற்கிறது. அவர் குடும்பத்தாருக்காவது அனுப்ப வேண்டும்.

மூன்று. குடும்ப அட்டையில் மனைவியின் பெயரை நீக்க வேண்டும். படிவம் வாங்கியாயிற்று.

நான்கு. அந்தக் கடைசி வரியை முத்துக்காளை அண்ணன் கேட்கவேயில்லை. அவர் மகள் ராசிங்காபுரத்தில் இருக்கிறார். ஒருநாள் காலையில் போய், முதலில் ஜப்பானியத்திலும் பிறகு தமிழிலும் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.